இந்திய அணித் தேர்வு: ஐந்து பேர், 38 ரஞ்சி அணிகள். முறையை எங்கிருந்து மாற்றுவது?

#1 ஷார்ட்_லெக்

அணி அறிவித்த மறுநாள் காலை எல்லா இடத்திலும் ஒரே பஞ்சாயத்து. 'அவரை ஏன் எடுத்தார்கள், இவரை ஏன் விட்டார்கள்.' இந்த இழையில் பெயர்ச் சண்டை வேண்டாம். முறையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

இப்போதைய விதி: மூத்தோர் தேர்வுக் குழுவில் ஐந்து பேர். தேர்வாளராக 7 டெஸ்ட் ஆடியிருக்க வேண்டும். இல்லையென்றால் 30 முதல்தர ஆட்டம் (ரஞ்சி மாதிரியான பல நாள் ஆட்டம்). அதுவும் இல்லையென்றால் 10 ஒருநாள் ஆட்டமும் 20 முதல்தர ஆட்டமும். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். இந்திய கிரிக்கெட் வாரியத்தின் (பிசிசிஐ) கிரிக்கெட் குழுக்களில் மொத்தம் ஐந்து வருடம் இருந்துவிட்டவர் மறுபடி வர முடியாது. இவர்களைப் பரிந்துரைப்பது கிரிக்கெட் ஆலோசனைக் குழு.

வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் 2016 ஜனவரி அறிக்கை தேர்வாளர் மூன்று பேர் போதும், மூவரும் டெஸ்ட் ஆடியவர்களாக இருக்கட்டும் என்றது. அதன்படி 2017 தொடக்கத்தில் குழு மூன்றாகச் சுருங்கியது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே ஐந்து பேருக்கு ஒப்புக்கொண்டது. ஆக, பத்து வருடமாக நாம் பேசிக்கொண்டிருப்பது நாற்காலி எத்தனை, அதில் உட்காருவது யார் என்பதை மட்டும்தான்.

என் கேள்வி வேறு. அந்த ஐந்து பேர் முன்னால் மேஜையில் என்ன தகவல் இருக்கிறது? எந்த வரிசையில் பேசுகிறார்கள்? எடுத்த முடிவு சரியா தப்பா என்று ஒரு வருடம் கழித்து யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

ஒரு சின்னக் கணக்கு. ரஞ்சியில், அதாவது உள்நாட்டு அணிகள் மோதும் தொடரில், எலைட் என்ற மேல் பிரிவு 32 அணிகள், எட்டெட்டாக நான்கு குழு. ஒரு சுற்றில் ஒரே நேரத்தில் 16 ஆட்டம், பிளேட் என்ற கீழ்ப் பிரிவில் இன்னும் 3. மொத்தம் 19. ஐந்து தேர்வாளரும் வேறெந்த வேலையும் செய்யாமல் ஆளுக்கொரு மைதானத்தில் நான்கு நாளும் உட்கார்ந்தாலும் 14 ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை. எலைட் லீக் மட்டும் 112 ஆட்டம். ஏழு சுற்றிலும் அவர்கள் பார்க்கக்கூடியது அதிகபட்சம் 35. இதில் இந்திய அணி ஆடும் தொடரையும் பின்தொடர வேண்டும், கூட்டங்களுக்கும் போக வேண்டும்.

மிச்சத்தை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஸ்கோர்கார்டு, காதில் விழுந்த பேச்சு, ஐபிஎல்.

#2 நைட்வாட்ச்மேன்

கணக்கு சரி. ஆனால் மண்டலத்துக்கு ஒருவர் என்ற பழைய வழக்கம் வந்ததே இதற்காகத்தான் சார். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று பிரித்துக்கொண்டால் ஒவ்வொருவரும் தன் பக்கத்தைப் பார்த்துவிடலாம். 2024ல் மேற்கிலிருந்து இரண்டு பேர் இருந்த நிலையை மாற்றி வடக்கிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்களே, அந்த வழக்கத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மண்டலத்தைத் தூக்கிவிட்டால் வடகிழக்கு, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பையன்களைப் பற்றி அறையில் பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

#3 ஷார்ட்_லெக்

மண்டலப் பிரதிநிதிக்கு இரண்டு வேலை: பார்ப்பது, வாக்களிப்பது. முதலாவது தேவை. கோளாறு இரண்டாவதில்தான். தன் மண்டலத்துப் பையனுக்காக வாதாடுவது அவர் கடமை மாதிரி ஆகிவிடுகிறது. பிறகு 'உன் ஆளுக்கு நான், என் ஆளுக்கு நீ' என்று பண்டமாற்று தொடங்கும். 15 பேர் அணியில் முதல் பன்னிரண்டு பெயரில் இது நடக்காது, அவை தாமாகவே வந்து விழும். கடைசி மூன்று இடத்தில்தான் நடக்கும். வருங்காலத்தை முடிவு செய்வதும் அந்த மூன்று இடம்தான்.

மண்டலம் கண்காணிப்புக்கு இருக்கட்டும், வாக்குக்கு வேண்டாம்.

#4 தேர்ட்மேன்

கண்காணிப்பு என்றதும் ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். 2002ல் திலீப் வெங்சர்க்கார் தலைமையில் திறமை வளர்ப்புப் பிரிவு ஒன்றை பிசிசிஐ தொடங்கியது. நாடு முழுக்க முன்னாள் ஆட்டக்காரர்களைக் கண்காணிப்பாளர்களாக அனுப்பினார்கள். 2003ல் ஜாம்ஷெட்பூரில் ஓர் ஆட்டத்தைப் பார்த்த பிரகாஷ் போத்தாரும் ராஜு முகர்ஜியும் நீளமுடி விக்கெட் கீப்பர் ஒருவரைப் பற்றி அறிக்கை அனுப்பினார்கள். தோனியின் பெயர் மேலே போன வழி அது. அப்போது பீகார், ஜார்க்கண்ட் பக்கம் எட்டிப்பார்க்கப் பெரிதாக யாரும் இல்லை.

சில வருடங்களில் அந்தப் பிரிவையே கைவிட்டார்கள். இத்தனைக்கும் அன்று ரஞ்சி அணிகள் இப்போதைவிடக் குறைவு. 2018-19ல் ஒன்பது புது அணிகள் ஒரே அடியாகச் சேர்ந்தன. பார்க்க வேண்டிய ஆட்டம் கூடியது, பார்க்கும் கண் குறைந்தது.

சீர்திருத்தம் என்றால் முதல் வேலை இதுதான் என்பேன். ஓர் எலைட் ஆட்டத்துக்கு இரண்டு கண்காணிப்பாளர், ஆக ஒரு சுற்றுக்கு 32 பேர். நிபந்தனைகள்:

இரண்டு அணிகளின் மாநிலத்தையும் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. ஒரே அணியை ஒரு சீசனில் இரண்டு முறைக்கு மேல் பார்க்கக் கூடாது. இருவரும் அறிக்கை கொடுக்கும்வரை குறிப்பைப் பகிரக் கூடாது. ஆட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். நான்கு நாள் கழித்து எழுதும் அறிக்கை ஸ்கோர்கார்டைப் பார்த்து எழுதிய அறிக்கைதான். பத்துக்கு மதிப்பெண் போட்டு இருவருக்கும் மூன்றுக்கு மேல் இடைவெளி வந்தால், மூன்றாமவர் காணொளியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

#5 ஸ்கோர்புக்

எண்களைப் பற்றி என் பங்கு. 'ரஞ்சியில் 52 சராசரி வைத்திருப்பவரை விட்டுவிட்டு 45 வைத்திருப்பவரை எடுத்துவிட்டார்கள்' என்று கொதிப்பவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள்.

மட்டையாளரின் ஸ்கோர்கள் மிகவும் சிதறிக் கிடப்பவை: 4, 0, 112, 17, 61, 8. அந்தச் சிதறலின் அளவு, அதாவது திட்ட விலக்கம், ஏறத்தாழ அவருடைய சராசரிக்குச் சமமாகவே வரும். அதை, அவுட் ஆன எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்தச் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

நிஜத் திறமை 40 உள்ளவர் 12 முறை அவுட் ஆகிறார் என்று வையுங்கள். ஏழு லீக் ஆட்டத்தில் அவ்வளவுதான் வரும். 40ஐ 3.46ஆல் வகுத்தால் 11.5. அதாவது வெறும் அதிர்ஷ்டமே அவரை ஒரு சீசனில் 51 ஆகவும் இன்னொரு சீசனில் 29 ஆகவும் காட்டும். 80 முறை அவுட் ஆன பிறகுதான் இந்த ஏற்ற இறக்கம் 4.5 ரன்னுக்கு அடங்கும். எனவே ஒரே சீசனில் 52க்கும் 45க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுமே சொல்லாது.

பந்துவீச்சும் அப்படித்தான். 25 விக்கெட்டுக்கு 24 சராசரி என்றால் அதில் சுமார் ஐந்து ரன் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கலாம். 100 விக்கெட் ஆனால் இரண்டரை.

அடுத்தது ஆடுகளம். அவர் ரன்னைத் தனியாகப் பார்க்காமல், அதே ஆட்டத்தில் மற்ற எல்லோரும் எடுத்ததோடு வகுக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் அவரைத் தவிர்த்து 31 விக்கெட்டுக்கு 620 ரன். ஒரு விக்கெட்டுக்கு 20. அவர் எடுத்தது 45, 35, சராசரி 40. விகிதம் 2. இன்னோர் ஆட்டத்தில் மற்றவர்கள் 20 விக்கெட்டுக்கு 1,240. ஒரு விக்கெட்டுக்கு 62. அங்கே அவர் அடித்த 124க்கும் விகிதம் 2 தான். செய்தித்தாளில் 124 தலைப்பாகும், 45ம் 35ம் வரவே வராது. தேர்வாளர் மேஜையில் இரண்டுக்கும் ஒரே எடை இருக்க வேண்டும்.

பிளேட் பிரிவுக்குத் தனிக் கழிவு போட வேண்டும். எவ்வளவு என்பதை, பிளேட்டிலிருந்து எலைட்டுக்கு ஏறிய அணிகளின் அதே ஆட்டக்காரர்கள் முன்னும் பின்னும் எடுத்த ரன்னை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். ஊகம் தேவையில்லை.

#6 மிட்விக்கெட்_மணி

அப்போ கருண் நாயர் 2024-25 விஜய் ஹசாரே ஒருநாள் தொடர்ல 389.5 சராசரி வெச்சிருந்தாரே, அதை எந்த வர்க்கமூலத்தால வகுக்கறது? :)

#7 ஸ்கோர்புக்

இரண்டின் வர்க்கமூலத்தால். எட்டு இன்னிங்ஸ், 779 ரன், இரண்டே முறை அவுட். அந்த 389.5ஐ நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. அவருக்காகப் பேசியது, அதே சீசனில் ரஞ்சியில் ஒன்பது ஆட்டத்தில் எடுத்த 863 ரன். 2025 இங்கிலாந்துத் தொடருக்குச் சிவப்புப் பந்துக் கணக்கைத்தான், அதாவது பல நாள் ஆட்டக் கணக்கைத்தான், பார்க்க வேண்டும்.

சர்ஃபராஸ் கான் கணக்கும் கிட்டத்தட்ட அப்படியே. ரஞ்சியில் 2019-20ல் 928 ரன், 2021-22ல் 982, 2022-23ல் 556. ஒரு சீசனை அதிர்ஷ்டம் எனலாம், மூன்றை அப்படித் தள்ள முடியாது. டெஸ்ட் தொப்பி கிடைத்தது 2024 பிப்ரவரியில், ராஜ்கோட்டில். நடுவே அவரை எடுக்காததற்குக் காரணம் இருந்திருக்கலாம்: உயரப் பந்து, உடற்தகுதி, எதுவோ. அந்தக் காரணம் எங்கும் எழுத்தில் இல்லை என்பதுதான் இழையின் விஷயம்.

#8 கோணல்_பந்து

எண், கண்காணிப்பு எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். முடிவைப் பயிற்சியாளர் கையில் கொடுத்துவிட்டால் என்ன? தோற்றால் தலை உருளுவது அவருடையது. அதிகாரமும் அவரிடமே இருக்கட்டுமே.

#9 தேர்ட்மேன்

முயன்று பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்து 2021 ஏப்ரலில் தேசியத் தேர்வாளர் பதவியையே எடுத்துவிட்டு தலைமைப் பயிற்சியாளர் சில்வர்வுட்டிடம் தேர்வை ஒப்படைத்தது. 2021-22 ஆஷஸில் (ஆஸ்திரேலியாவுடனான டெஸ்ட் தொடர்) 4-0 தோல்வி, 2022 பிப்ரவரியில் அவரே போய்விட்டார். பிறகு லூக் ரைட்டைத் தேர்வாளராக வைத்தார்கள். பாகிஸ்தானில் மிஸ்பா 2019ல் பயிற்சியாளர், தலைமைத் தேர்வாளர் இரண்டும். அடுத்த வருடமே தேர்வாளர் பதவியை விட்டார். தென்னாப்பிரிக்காவும் 2023ல் பயிற்சியாளர்களிடம்தான் தேர்வை ஒப்படைத்தது.

இதில் எங்கே உதைக்கிறது என்றால், பயிற்சியாளர் அடுத்த ஆட்டத்தை ஜெயிக்க வேண்டியவர். இரண்டு வருடம் கழித்துத் தேவைப்படும் ஆஃப் ஸ்பின்னருக்கு இன்று ஓர் இடத்தை ஒதுக்க அவருக்கு மனம் வராது. இன்னொன்று, வலைப்பயிற்சியில் தினமும் முகம் பார்க்கும் ஆளை வெட்டுவது கஷ்டம். மூன்றாவது ரொம்ப எளிமையானது: அவர் அணியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார், உள்நாட்டு ஆட்டம் ஒன்றையும் பார்க்க மாட்டார்.

ஆஸ்திரேலியா வேறு வழி போனது. 2010-11 ஆஷஸை உள்ளூரில் இழந்தபின் 2011ல் வந்த ஆர்கஸ் அறிக்கை முழுநேரத் தேசியத் தேர்வாளர் வேண்டும், கேப்டனும் பயிற்சியாளரும் குழுவில் உட்காரட்டும் என்றது. இன்வெராரிட்டி தேர்வுத் தலைவரானார். கேப்டன் கிளார்க் 2013ல் குழுவிலிருந்து தாமே விலகிக்கொண்டார். சக ஆட்டக்காரனை வெட்டிவிட்டு அவனோடு ஸ்லிப்பில் நிற்பது லேசான காரியமா?

தேர்வுக் குழுவும் சேர்ந்து குழம்பிய கதைக்கு 1989 ஆஷஸ். ஆறு டெஸ்டில் இங்கிலாந்து 29 பேரை ஆடவைத்தது, அதுவும் 4-0.

#10 கோணல்_பந்து

2024 அக்டோபரை விட்டுவிட்டீர்கள். முல்தானில் முதல் இன்னிங்ஸில் 556 அடித்தும் இங்கிலாந்திடம் பாகிஸ்தான் இன்னிங்ஸ் தோல்வி. புதுத் தேர்வுக் குழு வந்தது, நடுவராக இருந்த அலீம் தார் உட்பட. கேப்டன், பயிற்சியாளர் குரல் அடங்கியது. பாபர், ஷாஹீன், நசீம் மூவரும் வெளியே. சுழலர்கள் நோமான் அலியும் சாஜித் கானும் உள்ளே. அடுத்த டெஸ்ட் அதே முல்தான், அதே ஆடுகளம், பழசாகிப் பெயர்ந்த தரை. 20 விக்கெட்டையும் இவர்கள் இருவரே எடுத்தார்கள். தொடர் 2-1 என்று பாகிஸ்தானுக்கு.

பயிற்சியாளர் சொல்லாமலே குழு ஜெயித்தது என்று சொல்லலாம். நான் சொல்ல வருவது வேறு: தேர்வும் ஆடுகளமும் ஒரே அறையில் முடிவானதால்தான் அது நடந்தது. நம் ஊரில் சுழலுக்கு ஆள் எடுத்துவிட்டுப் பச்சைப் பிட்ச் கொடுத்தால் எந்தத் தேர்வாளரும் ஒன்றும் செய்ய முடியாது. (அதே சூத்திரத்தை 2025 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகப் போட்டு முல்தானிலேயே ஒரு டெஸ்டைத் தோற்றார்கள் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.)

#11 ஷார்ட்_லெக்

நல்ல இடத்துக்கு வந்துவிட்டோம். பயிற்சியாளருக்கும் கேப்டனுக்கும் வாக்கு வேண்டாம், ஆனால் அவர்கள் இல்லாமலும் முடியாது. என் வரைவு:

கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால் கேப்டனும் பயிற்சியாளரும் வேலைப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஆள் பெயரே அதில் இருக்கக் கூடாது. 'ஒரு நாளில் 18 ஓவர் போடக்கூடிய மூன்றாவது வேகப்பந்து வீச்சாளர்', 'ஏழாம் இடத்தில் பேட் செய்யும் இடக்கை சுழலர்', 'எழும்பும் பந்தைப் பின்காலில் ஆடும் மாற்றுத் தொடக்க ஆட்டக்காரர்' என்று இருக்க வேண்டும். அங்கே என்ன ஆடுகளம், எந்தப் பந்து என்பதும் எழுத வேண்டும். இங்கிலாந்து, மேற்கிந்தியத் தீவுகள் என்றால் டியூக்ஸ். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்றால் கூக்கபுரா. நம் ஊர் எஸ்ஜி பந்தில் எடுத்த விக்கெட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. கூக்கபுராவின் தையல் சீக்கிரம் அமுங்கிவிடும், 30 ஓவருக்கு மேல் வேகமோ உயரமோ இல்லாதவருக்கு வேலை இல்லை.

அடுத்து, கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்னால் ஐந்து தேர்வாளரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் பேசாமல், 15 பெயரும் பெயருக்கு இரண்டு வரிக் காரணமும் எழுதி அனுப்ப வேண்டும். நான்கு அல்லது ஐந்து பட்டியலில் வரும் பெயர் உள்ளே. அதில் விவாதம் இல்லை. இரண்டு மூன்று பட்டியலில் வரும் பெயரை மட்டும் பேச வேண்டும். ஒரே பட்டியலில் உள்ளவருக்காக அந்தத் தேர்வாளர் ஐந்து நிமிடம் வாதாடலாம்.

தலைவர் கடைசியாகப் பேச வேண்டும். 26 டெஸ்ட் ஆடியவர் முதலில் 'இந்தப் பையன் சரிப்பட மாட்டான்' என்று சொல்லிவிட்டால், ஏழே டெஸ்ட் ஆடியவர் வாயைத் திறப்பாரா? நமது விதியில் அதிக டெஸ்ட் ஆடியவர்தான் தலைவர் வேறு.

#12 ஸ்கோர்புக்

பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பெயர் பெயராக எண்ணினால் அணி சமநிலையில் வராது. ஐந்து பேரும் தங்கள் பட்டியலில் இரண்டு சுழலர் வைத்திருப்பார்கள். ஆனால் ஒருவருக்கு அ, ஆ. இன்னொருவருக்கு இ, ஈ. யாருக்கும் நான்கு வாக்கு வராது, மறுபுறம் வேகப்பந்தில் ஆறு பேர் தேறிவிடுவார்கள்.

வாக்கு இடத்துக்கு இருக்க வேண்டும். வேலைப் பட்டியலில் 15 இடம் என்றால் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு தேர்வாளரும் மூன்று பெயரை வரிசைப்படுத்தட்டும்: முதலுக்கு 3, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. ஓர் இடத்துக்கு அதிகபட்சம் 15 புள்ளி. 12க்கு மேல் வந்தால் முடிந்தது. இரண்டு பேர் ஒரு புள்ளி இடைவெளியில் நின்றால் அதுதான் நிஜமான சர்ச்சை, அரை மணி நேரத்தை அதில் செலவழியுங்கள்.

#13 ஷார்ட்_லெக்

ஒப்புக்கொள்கிறேன். #11ல் அந்தப் பகுதியை இப்படியே மாற்றிப் படியுங்கள்.

#14 மிட்விக்கெட்_மணி

யோ-யோ ஓட்டச் சோதனை பத்தி யாரும் வாயே தொறக்கலையே. 2018ல ஐபிஎல்ல 602 ரன் அடிச்ச ராயுடுவை இங்கிலாந்து போற ஒருநாள் அணியில எடுத்துட்டு, அப்பறம் யோ-யோல 16.1 தொடலைன்னு கழட்டி விட்டாங்க. ஷமிக்கும் அதே வருஷம் ஆப்கானிஸ்தான் டெஸ்ட் போச்சு. பேட்டைப் புடிச்சு ஆடறவனுக்கு ஓட்டப்பந்தயம் எதுக்கு?

#15 நைட்வாட்ச்மேன்

எதற்கு என்பது இருக்கட்டும், முதலில் அந்த எண் என்ன என்று பார்ப்போம், பலருக்கும் தெரியாது. 20 மீட்டர் போய்த் திரும்பினால் ஒரு சுற்று, 40 மீட்டர். நடுவே 10 நொடி இடைவேளை. போகப்போக வேகம் கூடும். 16.1 என்றால் மொத்தம் 1,120 மீட்டர் ஓடியிருக்கிறார். 16.5 என்றால் 1,280. 17.1 என்றால் 1,440. 'ஒரே ஒரு புள்ளிதானே ஏற்றினார்கள்' என்பது எட்டுச் சுற்று, 320 மீட்டர். அதுவும் களைத்த பிறகு கூடுதல் வேகத்தில்.

சோதனை தப்பில்லை. தப்பான நேரத்தில் வைத்ததுதான் தப்பு. அணியை அறிவித்த பிறகு சோதித்தால் ராயுடு மாதிரி ஆகும். அதே ராயுடு பிறகு தேறி செப்டம்பரில் ஆசியக் கோப்பை ஆடினார். வருடத்துக்கு நான்கு தேதி முன்கூட்டியே அறிவித்து, தேர்வு எல்லைக்குள் இருக்கும் எல்லோருக்கும் வைக்க வேண்டும். தேர்வுக் கூட்டத்துக்கு வருவது தேறியவர் பட்டியலாக இருக்க வேண்டும்.

வேலைக்கு வேலை அளவும் மாற வேண்டும். 2 கி.மீ. ஓட்டத்தில் வேகப்பந்து வீச்சாளருக்கு 8 நிமிடம் 15 நொடி, மற்றவர்களுக்கு 8 நிமிடம் 30 நொடி என்று 2021ல் பிரித்தார்கள். அந்தப் புத்தி யோ-யோவுக்கும் வேண்டும். வேகப்பந்து வீச்சாளருக்கு ஓட்டத்தைவிட முக்கியம், கடந்த நான்கு வாரத்தில் எத்தனை ஓவர் போட்டார் என்பது. ஐபிஎல்லில் ஆட்டத்துக்கு நான்கு ஓவர் போட்டுவிட்டு நேராக வந்து டெஸ்டில் ஒரு நாளில் 20 ஓவர் போடச் சொன்னால் முதுகு பேசும்.

#16 கோணல்_பந்து

ஐபிஎல் என்றதும் இன்னொரு குழி. 2023லிருந்து இம்பேக்ட் பிளேயர் விதி. பேட் செய்ய ஒருவர், பந்துபோட அவருக்குப் பதில் இன்னொருவர். ஆல்ரவுண்டர் என்று பெயரளவில் இருப்பவருக்குப் பந்தே கிடைப்பதில்லை. ஷிவம் துபே 2024 டி20 உலகக் கோப்பைக்குத் தேர்வானபோது அந்த ஐபிஎல்லில் அவர் பந்துவீசியது மிகக் குறைவு. தேர்வாளர் எதைப் பார்த்து 'ஆறாவது பந்துவீச்சாளர்' என்று எழுதுவார்?

அதனால் டி20க்கும் சையத் முஷ்டாக் அலி உள்நாட்டு டி20 தொடரைத்தான் பார்க்க வேண்டும். அந்த விதியை முதலில் சோதித்ததே அங்கேதான், 2022ல். 2024-25ல் அங்கே எடுத்துவிட்டார்கள். ஆல்ரவுண்டர் பந்துபோட்டே ஆக வேண்டிய இடம் இப்போது அதுதான்.

#17 தேர்ட்மேன்

கண்காணிப்பாளர் அட்டையில் என்ன இருக்க வேண்டும் என்று தனிமடலில் கேட்டார்கள். பொதுவிலேயே போடுகிறேன்.

*மட்டையாளர்:* முதல் 30 பந்தில் எத்தனை முறை ஏமாந்தார் அல்லது விளிம்பில் பட்டது. அதற்கும் எடுத்த ரன்னுக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு கேட்ச் விட்ட 90ம், தப்பே செய்யாத 38ம் ஸ்கோர்கார்டில் தலைகீழாகத் தெரியும். வேகமான பந்துவீச்சாளர் எதிரே இருந்தாரா, இல்லையா. எதிரணியில் ஒருவரும் 130 கி.மீ. வேகத்தைத் தொடாத ஆட்டத்தில் அடித்த சதத்துக்குப் பக்கத்தில் அதை எழுத வேண்டும். வேகம் அளக்கும் கருவி எல்லா மைதானத்திலும் இல்லை. கையில் பிடிக்கும் கருவி ஒன்றைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தாலே போதும்.

*வேகப்பந்து:* மூன்றாவது ஸ்பெல்லின், அதாவது மூன்றாம் முறை பந்தை வாங்கித் தொடர்ந்து போடும் ஓவர்களின் வேகம். காலையில் 138 போட்டு மாலையில் 126க்கு இறங்குபவர் டெஸ்டுக்குத் தயாரில்லை. பழைய பந்தில் ஓவருக்கு எத்தனை அடிக்கத் தோதான பந்து.

*கீப்பர்:* பிடித்த கேட்ச் அல்ல, வந்த வாய்ப்பு. 30 பிடித்தவருக்கு வந்தது 40. 22 பிடித்தவருக்கு வந்தது 23. யார் நல்ல கீப்பர்? நம் புள்ளிவிவரப் பட்டியல் முதலாமவரைத்தான் மேலே போடும். சுழலுக்கு ஸ்டம்பை ஒட்டி நின்ற ஓவர்களைத் தனியாக எண்ண வேண்டும்.

*ஸ்லிப்:* இதற்கும் அதே கணக்கு. இந்திய உள்நாட்டு ஆட்டத்தில் ஸ்லிப் கேட்ச் விட்டதை யாரும் குறித்து வைப்பதே இல்லை.

#18 நைட்வாட்ச்மேன்

காரணத்தை எழுதச் சொல்கிறீர்கள். மறுநாளே அது வெளியே கசிந்து 'குறும்பந்துக்குப் பயப்படுகிறார் என்கிறது தேர்வுக் குழு' என்று தலைப்பாகும். எதிரணி முதல் ஓவரிலேயே மூன்று பவுன்சர் போடும். அதனால்தான் எழுத மாட்டேன் என்கிறார்கள்.

#19 ஷார்ட்_லெக்

நியாயம். மூன்று அடுக்காகப் பிரிக்கலாம். வெளியே சொல்வது வகை மட்டும்: உடற்தகுதி, ஆட்டத்திறன், அணிச் சமநிலை, ஓய்வு. 'ஓய்வு' என்று சொல்லி நீக்குவதைத் தடை செய்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆட்டக்காரருக்குச் சொல்வது முழுக் காரணம், திரும்பி வர என்ன செய்ய வேண்டும் என்பதோடு. பட்டியல் வெளியாகும் முன் தேர்வாளர் ஒருவரே தொலைபேசியில் சொல்ல வேண்டும். தொலைக்காட்சி பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

உள்ளே பூட்டிவைப்பது கணிப்பு. 'இவர் அடுத்த 8 டெஸ்ட் இன்னிங்ஸில் 35க்கு மேல் எடுப்பார் என்று நான்கு பேர் நம்பினோம்' என்பது மாதிரி. 12 மாதம் கழித்து அதைத் திறந்து பார்த்தால் எந்தத் தேர்வாளர் எதில் தொடர்ந்து தவறுகிறார் என்று தெரியும். ஒருவர் சுழலரைச் சரியாகக் கணித்து, தொடக்க ஆட்டக்காரரில் எப்போதும் கோட்டைவிடலாம்.

#20 மிட்விக்கெட்_மணி

அதெல்லாம் சரிண்ணே, 15ல எடுக்கறது தேர்வாளர், 11ல எறக்கறது கேப்டனும் கோச்சும். அபிமன்யு ஈஸ்வரன் 2022 டிசம்பர்ல வங்கதேசத்துக்கு எதிரா அணிக்குள்ள வந்தாரு. நூறு முதல்தர ஆட்டத்துக்கு மேல ஆடியாச்சு. 2025 இங்கிலாந்துத் தொடர் முடியற வரைக்கும் ஒரு டெஸ்ட் ஆடல. அவருக்குப் பின்னாடி வந்தவங்க எத்தனை பேர் தொப்பி வாங்கிட்டாங்க! தேர்வாளர் வேணும்னு எடுத்தவரை நிர்வாகம் வேணாம்னா அது யாரு கணக்குல?

#21 ஷார்ட்_லெக்

இதற்குத்தான் வேலைப் பட்டியல், மணி. அவரை எந்த இடத்துக்கு எடுத்தார்கள் என்று எழுத்தில் இருந்தால், அந்த இடம் காலியாகும்போது வேறொருவரை இறக்கக் கேப்டன் காரணம் எழுத வேண்டும். இரண்டு தொடர் தொடர்ந்து ஆடாமல் உட்கார்ந்தால் மூன்றாவது தொடரில் அவரை விடுவித்து ரஞ்சியோ இந்தியா ஏ (இரண்டாம் நிலை இந்திய அணி) ஆட்டமோ ஆட அனுப்ப வேண்டும். பெஞ்சில் கழியும் மாதங்கள் மட்டையாளரின் கையைத் துருப்பிடிக்க வைக்கும்.

#22 தேர்ட்மேன்

மகளிர் அணிக்கு இதில் பாதிக்கூடப் பொருந்தாது. மண்டலங்களுக்கு இடையிலான பல நாள் ஆட்டமே நீண்ட இடைவெளிக்குப் பின் 2024ல்தான் திரும்ப வந்தது. சிவப்புப் பந்துக் கணக்கே இல்லாதபோது வர்க்கமூலம் எதற்கு? அங்கே முதலில் ஆட்டம் வேண்டும்.

பதவிக்காலம் பற்றியும் ஒரு வரி. 2022 நவம்பரில் டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் தோற்றதும் புதுக் குழுவுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். 2023 ஜனவரியில் தலைவர் மட்டும் பழையவரே, மற்ற நால்வரும் புதியவர்கள். பிப்ரவரியில் தலைவர் விலகல், ஜூலையில் அடுத்தவர். இப்படி மாறினால் யாருடைய கணிப்பை யார் 12 மாதம் கழித்துத் திறப்பது? ஆளுக்கு நான்கு வருடம், ஒரே தவணை, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் மாறக் கூடாது. நான்கு வருடம் என்பது இப்போதுள்ள ஐந்து வருட வரம்புக்குள்ளும் அடங்கிவிடும்.

#23 ஸ்கோர்புக்

கால அட்டவணையில் இடிக்கிறது. 2024-25லிருந்து ரஞ்சி இரண்டு துண்டு: அக்டோபர், நவம்பரில் ஐந்து சுற்று, நடுவே வெள்ளைப் பந்து, ஜனவரியில் மீதி இரண்டு, பிறகு நாக்அவுட். 2025 இங்கிலாந்து டெஸ்ட் தொடர் தொடங்கியது ஜூனில். நாக்அவுட்டுக்கு வராத 24 எலைட் அணிகளின் ஆட்டக்காரர்களைப் பற்றிய கடைசிச் சிவப்புப் பந்து அறிக்கை பிப்ரவரித் தொடக்கத்தோடு நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு மேல் பழைய தகவல், நடுவே முழு ஐபிஎல்.

#24 தேர்ட்மேன்

பிப்ரவரி முடிவில் கண்காணிப்பாளர் மதிப்பெண்ணை வைத்து 30 பேர் நீளப்பட்டியல் போட்டுப் பூட்டிவிட வேண்டும். ஐபிஎல்லில் எவ்வளவு அடித்தாலும் அதில் புதுப் பெயர் சேராது. காயம் என்றால் மட்டும் பெயர் போகும். மே மாதக் கடைசியில் இந்தியா ஏ ஆட்டங்களில் இந்த 30க்குள்ளிருந்துதான் ஆள்.

#25 கோணல்_பந்து

ஐபிஎல்லில் ஒரு 19 வயதுப் பையன் 148ல் பந்து போட்டால்?

#26 தேர்ட்மேன்

அவனை இந்தியா ஏ அணியோடு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக அனுப்பலாம். நீளப்பட்டியலில் சேர்க்க அக்டோபர் ரஞ்சி வரை பொறுக்கட்டும். சரி, வேகப்பந்து வீச்சாளருக்கு மட்டும் ஓர் இடம் காலியாக விடுகிறேன்: 30க்குப் பதில் 29ஐப் பூட்டுவோம்.